வளையம் கிடக்கு, மீன்தான் இல்லை: கடற்கூட்டுக்குப் பணம் அனுப்புமுன் சில கணக்குகள்

ஆல்பனியில் அது ஒரு மார்கழிச் சனிக்கிழமை. நேரம் மதியம் ஒன்றரை. ஊரில் அப்போது விடிகாலை ஆறு மணி. தொலைபேசியில் வந்தவர் எங்களில் ஒருவருடைய சித்தப்பா மகன். வணக்கம், சுகம் எதுவும் கேட்கவில்லை. "அண்ணை, வளையம் அப்பிடியே கிடக்கு. மீன்தான் இல்லை" என்றார்.

ஆல்பனியிலும் அதை அண்டிய இடங்களிலும் வாழும் ஏழு குடும்பங்கள் சேர்ந்து, ஊரில் கரையோரத்துக் கடற்றொழிலாளர் குடும்பங்கள் ஐந்துக்கு இரண்டு மிதவைக் கூடுகள் போட்டுக் கொடுத்திருந்தோம். கறுப்புப் பிளாஸ்ரிக் குழாயால் செய்த வட்ட வளையம், அதிலிருந்து தொங்கும் வலை, வலைக்குள் கொடுவா மீன். அறுவடைக்கு மூன்று கிழமை இருந்தது. அந்த நேரத்தில் வாடை பெயர்ந்து இரண்டு இரவு விடாமல் அடித்தது. ஒரு கூட்டின் நங்கூரக் கயிற்றை இணைத்த இரும்புக் கொளுவி தேய்ந்து அறுந்தது. வளையம் சுழன்று மற்றச் சங்கிலியில் உரச, வலை கிழிந்தது. வளையத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

முதலில் எங்களுக்கு ஆத்திரம்தான் வந்தது. விற்றவன் ஏமாற்றிவிட்டான், கவனித்தவர்கள் அசட்டையாக இருந்துவிட்டார்கள் என்று ஆளுக்கொன்று பேசினோம். பிறகு பழைய வரவு செலவுத் திட்டத்தைத் திறந்து பார்த்தோம். "நங்கூரம், கயிறு, கொளுவி" என்ற வரியைப் பாதியாகக் குறைத்தது நாங்கள். "சுழியோடி, மாதம் ஒரு முறை" என்ற வரியை முழுவதுமாக வெட்டியதும் நாங்கள். அந்தக் கணக்கைப் போட்ட கை, வர்த்தகப் பட்டம் பெற்று முப்பது வருடமாகப் பிறர் கணக்குகளைச் சரிபார்த்த கை.

இப்போது ஊரிலிருந்து மறுபடி கேட்கிறார்கள். எங்களைப் போலவே கனடாவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் ஊர்ச் சங்கங்களுக்கு இதே மாதிரியான திட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று அறிகிறோம். பளபளக்கும் கறுப்பு வளையத்தின் படம் ஒன்றும், இலாபக் கணக்கு ஒரு பக்கமும் கூடவே வரும். அந்தப் படத்தில் தெரியாதவை எவை என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

மரத்திலிருந்து குழாய்க்கு

எங்கள் கரையில் கூடு என்றால் மீன் பிடிக்கப் போடும் கூடு. மீன் உள்ளே போகும், வெளியே வராது. வளர்ப்புக் கூடு வேறு. அதில் மீன்குஞ்சை நாங்களே விடுகிறோம், தீன் போடுகிறோம், மாதக்கணக்கில் காக்கிறோம். பிடிக்கும் கூடு ஓர் இரவு தாங்கினால் போதும். வளர்ப்புக் கூடு ஒரு பருவம் முழுவதும், எல்லாக் காற்றுக்கும் தாங்க வேண்டும்.

இன்று உலகெங்கும் காணப்படும் கூட்டின் வடிவம் பெரும்பாலும் நோர்வேயிலிருந்து வந்தது. 1970 இல் அங்கே ஹித்ரா தீவில் இரண்டு சகோதரர்கள் மரச்சட்டத்தால் எண்கோணக் கூடு செய்து சல்மன் மீன் வளர்த்துக் காட்டினார்கள். மரம் அமைதியான குடாவுக்குச் சரி. திறந்த கடலில் அலை மேலும் கீழும் தூக்கும்போது மூலைகளும் ஆணிகளும்தான் முதலில் விடும். 1970 களின் நடுப்பகுதியில் அங்கேயே பிளாஸ்ரிக் குழாயை வட்டமாக வளைத்துப் பார்த்தார்கள். வட்டத்துக்கு மூலை இல்லை.

அந்தக் குழாய் எங்களுக்குப் புதிதல்ல. வீதியோரத்தில் சுருள் சுருளாகக் கிடக்கும் கறுப்புத் தண்ணீர்க் குழாயின் பெரிய அண்ணன்தான் அது. உயர் அடர்த்திப் பொலித்தீனால் ஆனது. ஒரு லீற்றர் பருமனுள்ள இந்தப் பிளாஸ்ரிக் ஏறத்தாழ 950 கிராம் நிறை. ஒரு லீற்றர் கடல்நீர் 1,025 கிராம். ஆகவே குழாய் வெடித்து உள்ளே நீர் புகுந்தாலும் பிளாஸ்ரிக் தானாக அமிழாது. ஆனால் வலையையும் சுமையையும் அதனால் தாங்க முடியாது. அதற்காகத்தான் நல்ல வளையங்களில் குழாய்க்குள் நுரைப் பஞ்சு அடைத்து வைப்பார்கள். குழாயின் கறுப்பு நிறமும் அழகுக்கு அல்ல. இரண்டு வீதமளவில் கலக்கும் கரித்தூள்தான் வெயிலின் புறஊதாக் கதிர் பிளாஸ்ரிக்கை நொறுக்காமல் காக்கிறது.

மிதப்புக் கணக்கு வாசகர்கள் தாங்களே போடக்கூடியது. 250 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயின் ஒரு மீற்றர் நீளம் சுமார் 49 லீற்றர் நீரை விலக்கும். அது 50 கிலோ தூக்கும் பலம். நடுத்தரத் தடிப்புள்ள குழாயின் சொந்த நிறை மீற்றருக்கு ஏறத்தாழ 11 கிலோ. மிச்சம் 39 கிலோ. 9 மீற்றர் விட்டமுள்ள வளையத்தின் சுற்றளவு 28 மீற்றர். இரட்டை வளையம் என்றால் 56 மீற்றருக்குச் சற்று மேல். மொத்த மிதப்பு ஏறத்தாழ 2.2 தொன். வலை, வலையை விரித்து வைக்கும் பாரம், கைபிடி வேலி, மேலே ஏறி நிற்கும் ஆட்கள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். வலையில் ஒட்டும் சிப்பியும் இதற்குள்தான் அடங்க வேண்டும். எங்கள் பழைய கணக்கில் சிப்பிக்கு இடமே இருக்கவில்லை.

குழாய்களை ஒட்டுவது பசையாலோ ஆணியாலோ அல்ல. இரண்டு முனைகளையும் 200 பாகைக்கு மேல் சூடாக்கிய தட்டில் வைத்து உருக்கி, ஒன்றோடொன்று அழுத்தி, அசையாமல் ஆறவிடுவார்கள். ஒழுங்காகச் செய்த ஒட்டு குழாயளவு பலமாக இருக்கும். அவசரப்பட்டு, காற்றிலும் மணலிலும் செய்த ஒட்டு வெளியே அழகாகத் தெரிந்தாலும் உள்ளே பலவீனம். குழாயின் தரம் பி.ஈ. 100 என்று எழுதியிருக்கும். அந்த 100 என்பது 20 பாகை வெப்பநிலையில் 50 வருடங்களுக்கு எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்று கணித்த எண். எங்கள் கடல் 28, 30 பாகை. பிளாஸ்ரிக் சூட்டில் இளகும். ஆகவே நோர்வேயின் குளிர்நீருக்கு வரைந்த தடிப்பை அப்படியே எங்கள் கரைக்குக் கொண்டுவரக் கூடாது.

இவ்வளவு இருந்தும், வளையம்தான் கூட்டின் மிகவும் நம்பகமான பகுதி. உருக்குச் சட்டம் அலையை எதிர்த்து நிற்கப் பார்க்கும். ஆயிரமாயிரம் தடவை வளைந்து நிமிர்ந்தால் அதன் மூட்டு களைத்து முறியும். பிளாஸ்ரிக் வளையம் அலையின் முதுகில் வளைந்து படுத்துக் கொள்ளும். அன்றைக்கும் அது அப்படியே கிடந்தது.

மண்டபத்தில் நடந்த வேலை

மண்டபம் என்ற பெயரைக் கேட்டால் எங்களில் பலருக்கு முகாம்தான் நினைவுக்கு வரும். படகில் போய் இறங்கியது, பதிவுக்கு வரிசையில் நின்றது. எங்கள் ஏழு குடும்பங்களில் இரண்டு அந்த வழியாக வந்தவை. அதே மண்டபத்தில் இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. 1947 இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகமே பல வருடங்கள் அங்கேதான் இருந்தது. பின்னர்தான் கொச்சிக்குப் போனது.

அந்த நிறுவனம் 2007 இல் விசாகப்பட்டினக் கடலில் 15 மீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் கூடு ஒன்றை இறக்கியது. திறந்த கடலில் கூட்டு மீன் வளர்ப்பு இந்தியாவில் செய்து காட்டப்பட்டது அதுவே முதல் முறை. சிறு தொழிலாளருக்கு 15 மீற்றர் பெரிது. காலப்போக்கில் 6 மீற்றர் விட்டமே கரையோரக் கிராமங்களில் பரவலான அளவாயிற்று. 2010 இல் மண்டபத்தில் கடல்விராலை முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தார்கள். அது நடக்காமல் கூடு மட்டும் இருந்து பயனில்லை. கடலில் பிடித்த குஞ்சை நம்பித் தொழில் நடத்த முடியாது. கடல்விரால் கூட்டில் ஏழெட்டு மாதத்தில் இரண்டரை, மூன்று கிலோ வரை வளரும். இதனால்தான் இராமேசுவரம், மண்டபம் பக்கத்தில் கூடுகள் பெருகின.

சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. அவர்கள் கடற்பொறியியலாளர்கள். 9 மீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் கூடுகளை வரைந்து, இராமேசுவரத்தை அடுத்த ஓலைக்குடா உட்பட வெவ்வேறு தன்மையுள்ள கடல்களில் வைத்துச் சோதித்தார்கள். அவர்கள் அதிகம் உழைத்தது, வளையத்தை எப்படிக் கட்டி வைப்பது என்பதில். சிறு கூடுகளை ஒரே நங்கூரப் புள்ளியில் கட்டுவது வழக்கம். செலவு குறைவு. கூடு நீரோட்டத்தோடு சுற்றும், கழிவும் ஒரே இடத்தில் விழாது. ஆனால் அந்த ஒரு புள்ளி விட்டால் எல்லாம் போயிற்று. பல புள்ளிகளில் கட்டினால் செலவு கூடும், ஒன்று அறுந்தாலும் மற்றவை பிடித்து நிற்கும்.

நாங்கள் கேட்டது பல புள்ளி. காசு கொடுத்தது இரண்டு புள்ளிக்கு.

படத்தில் தெரியாத பகுதி

பெரிய பண்ணைகளில் வளையத்தை நேரடியாக நங்கூரத்தில் கட்டுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சில மீற்றர் கீழே கயிற்றால் ஒரு சதுரச் சட்டம் கட்டுவார்கள். மூலைகளில் மிதவைகள் அதைத் தூக்கிப் பிடிக்கும், சுற்றிலும் நங்கூரங்கள் இழுத்துப் பிடிக்கும். வளையத்தை அந்தச் சட்டத்தோடு பல இடங்களில் தளர்வாகக் கட்டுவார்கள். அலை வளையத்தை உலுக்கும்போது அந்த உலுக்கல் நேரே நங்கூரத்துக்குப் போகாது. கயிறும் மிதவையும் அதை வாங்கிக் கரைத்துவிடும். கடலடியோடு உரசும் இடத்தில் கயிறு இருக்கக் கூடாது, சங்கிலி இருக்க வேண்டும். கயிறும் சங்கிலியும் சேரும் கொளுவிதான் எல்லாவற்றிலும் சிறிய பொருள், முதலில் தேயும் பொருள். அதைக் கண்ணால் பார்ப்பதற்கு ஒருவர் மூழ்கிப் போக வேண்டும்.

அடுத்தது வலை. நீரோட்டம் வலையில் போடும் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஓட்டம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. வலைக் கண்ணின் பக்கம் 25 மில்லிமீற்றர், நூல் 2 மில்லிமீற்றர் தடிப்பு என்று வைத்துக் கொள்ளுங்கள். சுத்தமான வலையில் நூல் மறைப்பது பரப்பில் 15 வீதம். பாசியும் சிப்பியும் ஒட்டி நூல் 6 மில்லிமீற்றர் தடித்தால் மறைப்பு 42 வீதம். இரண்டையும் சேர்த்து எளிய கணக்குப் போட்டால், அமைதியான நாளில் சுத்தமான வலை இழுத்ததைவிடப் புயல் நாளில் அழுக்கு வலை பத்து மடங்குக்குக் கிட்ட இழுக்கும். குளிர்நாட்டில் வலை அழுக்காக மாதங்கள் செல்லும். எங்கள் சூடான கடலில் சில கிழமைகள் போதும்.

அழுக்கு வலையால் மீனுக்கும் கேடு. தண்ணீர் உள்ளே ஓடாமல் ஒட்சிசன் குறையும், மீன் தீன் எடுக்காது. வலை கழுவும் கூலியைச் சேமித்தால் தீனில் இரண்டு மடங்காகப் போகும்.

இது வசதியில்லாத ஊரின் பிரச்சினை மட்டும் அல்ல. 2017 ஓகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சைப்ரஸ் தீவின் அருகே ஒரு பெரிய சல்மன் பண்ணை முழுவதுமாகச் சிதைந்தது. அது உருக்குச் சட்டத்தாலான பண்ணை. உள்ளே 3 இலட்சத்துக்கு மேல் மீன். முதலில் சூரிய கிரகணத்தையொட்டிய பெரிய வற்றுப்பெருக்கைக் காரணம் சொன்னார்கள். மாநில அரசின் விசாரணை வேறு காரணம் சொன்னது. வலைகளில் ஏறத்தாழ 110 தொன் சிப்பியும் பிற உயிரிகளும் ஒட்டியிருந்தன. வலைகள் வேண்டிய அளவு கழுவப்படவில்லை. இரண்டரை இலட்சமளவில் மீன் வெளியேறியது. அடுத்த வருடமே அந்த மாநிலத்தில் வெளிநாட்டு இன மீனைக் கடற்கூட்டில் வளர்ப்பதை நிறுத்தும் சட்டம் வந்தது.

நோர்வே இந்தப் பாடத்தை முன்பே படித்திருந்தது. கூடுகள் உடைந்து மீன் தப்புவது தொடர்ந்தபோது, 2003 இல் கடற்பண்ணைகளுக்கென ஒரு தரநிலையை வெளியிட்டது. கூட்டை இறக்குமுன் அந்த இடத்தின் அலையையும் நீரோட்டத்தையும் அளக்க வேண்டும். 50 வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய நிலைமைக்குக் கணக்குப் போட வேண்டும். வளையம், வலை, நங்கூரம் ஒவ்வொன்றும் தனித்தனியே சான்று பெற வேண்டும். ஒரு கூட்டில் 2 இலட்சம் மீனுக்கு மேல் விடக் கூடாது என்றும் அங்கே விதி உண்டு. பெரிய கூடு மலிவாகத் தெரியும். 6 மீற்றர் விட்டமும் 4 மீற்றர் ஆழமும் உள்ள கூட்டின் கொள்ளளவு 113 கன மீற்றர். விட்டத்தை 12 மீற்றர் ஆக்கினால் குழாய் இரண்டு மடங்குதான், கொள்ளளவோ நான்கு மடங்கு, 452 கன மீற்றர். ஆனால் ஒரு கிழிசலில் போகும் மீனும் நான்கு மடங்கு.

இங்கே என்ன நடக்கிறது

நாங்கள் வாழும் நியூசிலாந்திலும் இதே கேள்வி வேறு வடிவில் நிற்கிறது. தென்தீவின் மார்ல்பரோ குடாக்களில் கூடுகளில் சல்மன் வளர்க்கிறார்கள். 2021-22 கோடையில் நீர் சூடேறிப் பெருந்தொகை மீன் இறந்தது. சூடு கூடிய குடாப் பண்ணைகள் சிலவற்றை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. குக் நீரிணையின் திறந்த, குளிர்ந்த நீருக்கு வெளியேறும் திட்டத்துக்கு இப்போது அனுமதி கிடைத்திருக்கிறது. குடாவுக்குள் சூடு, வெளியே அலை. வெப்பம் மீனை வெளியே துரத்த, அலை பொறியியலாளரைத் துரத்துகிறது. நெல்சனில் உள்ள ஆராய்ச்சியாளர்கள், நங்கூரமிட்டு எதிர்த்து நிற்காமல் நீரோட்டத்தோடு மெதுவாக நகரும் கூடுகளைச் சோதித்து வருகிறார்கள்.

புயலுக்கு இன்னொரு வழி கூட்டை மூழ்கடிப்பது. குழாயிலிருந்து காற்றை விட்டு நீரை நிரப்பினால் கூடு கீழே போகும், புயல் போனபின் காற்று அடித்து மேலே எடுக்கலாம். அலையின் ஆட்டம் ஆழத்தோடு வேகமாகக் குறையும். ஒரு முகட்டிலிருந்து மறு முகட்டுக்கு உள்ள தூரத்தில் பாதியளவு ஆழத்துக்குப் போனால் ஏறக்குறைய ஆட்டமே இல்லை. ஆனால் எங்கள் பாக்கு நீரிணை பெரும்பாலும் 10, 12 மீற்றர் ஆழத்தைத் தாண்டாது. கூடு போய் ஒளிய அங்கே ஆழம் இல்லை. திருகோணமலையில் ஆழமும் ஒதுக்கும் இருப்பதால்தான் வணிக அளவில் கொடுவா வளர்க்க முடிகிறது. அங்கே நடப்பதைக் காட்டி, வடக்கிலும் அப்படியே நடக்கும் என்று யாராவது சொன்னால் கவனம்.

ஆழம் குறைந்த கடலுக்குப் பழைய அறிவு ஒன்று உண்டு. வாடைக் காலத்தில் பாக்கு நீரிணை கொந்தளிக்கும், மன்னார் வளைகுடா அடங்கும். சோழகத்தில் இது மாறும். ஆகவே குஞ்சு விடும் மாதத்தைக் காற்றைப் பார்த்துத் தீர்மானித்து, வாடை பெயருமுன் அறுவடையை முடிக்க வேண்டும். எங்கள் திட்டத்தில் குஞ்சு இரண்டு மாதம் பிந்தி விடப்பட்டது. காரணம், நாங்கள் பணத்தை இரண்டு மாதம் பிந்தி அனுப்பினோம்.

கூடு நாலு சொத்து

கணக்காளருக்கு வெட்கமான இடம் இதுதான். சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 16 என்ன சொல்கிறது என்று நாங்கள் மற்றவர்களுக்குப் பல தடவை விளக்கியிருக்கிறோம். ஒரு சொத்தின் முக்கிய பகுதிகளுக்கு ஆயுள் வெவ்வேறு என்றால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பெறுமானத் தேய்வு போட வேண்டும். விமானத்தின் உடலும் எஞ்சினும் போல. எங்கள் சொந்தத் திட்டத்திலோ "மீன் கூடு, ஆயுள் 10 வருடம்" என்று ஒரே வரி.

புதிய அட்டவணையில் அதை நாலாகப் பிரித்திருக்கிறோம். வளையத்துக்கு 10 வருடம். வலைக்கு 3 வருடம், ஒரு கூட்டுக்கு இரண்டு வலை, ஒன்று கடலில் இருக்க மற்றது கரையில் காய்ந்து தைக்கப்பட. கயிறுகளுக்கு 2 வருடம். கொளுவிகளுக்கு 1 வருடம், தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் வாடைக்கு முன் மாற்றுவது. இந்த எண்கள் எங்கள் தீர்மானம், இடத்துக்கு இடம் மாறும். ஆனால் பிரித்து எழுதியவுடன் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. விலை கூடிய வளையம் வருடச் செலவில் சிறிய பங்கு. மலிவான சாமான்களும் கூலியும்தான் பெரிய பங்கு.

மீனும் ஒரு சொத்துத்தான். நியமம் 41 உயிருள்ள சொத்தைச் சந்தைப் பெறுமதியில் காட்டச் சொல்கிறது. அறுவடைக்கு மூன்று கிழமை இருக்கும்போது கூட்டுக்குள் நீந்திய மீனின் பெறுமதி, கூட்டின் பெறுமதியைவிட அதிகம். அவ்வளவு பெரிய சொத்தை ஒரு கொளுவியில் தொங்கவிட்டிருந்தோம்.

இந்தியாவில் 2020 இல் தொடங்கிய பிரதமர் மீன்வளத் திட்டத்தில் 100 முதல் 120 கன மீற்றர் வரையான கடற்கூடு ஒன்றுக்கு 5 இலட்சம் இந்திய ரூபா என்று அலகுச் செலவு வைத்து, அதில் 40 வீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 வீதம் மானியம் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். ஆனால் எந்த மானியமும், எந்தப் புலம்பெயர் நன்கொடையும் முதல் வருடத்துக்குத்தான். இரண்டாம் வருடக் கயிற்றுக்கு யார் காசு என்று திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும்.

கடல் யாருடைய காணி

9 மீற்றர் வளையம் என்றால் 9 மீற்றர் இடம் என்று நினைத்திருந்தோம். நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு நீளமாக வெளியே விரியும். 10 மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு பக்கமும் 30 மீற்றர். ஆக, ஒரு கூடு பிடிக்கும் இடம் ஏறத்தாழ 70 மீற்றர் அகலம். அதற்குள் யாரும் வலை இழுக்க முடியாது.

வடக்கில் இது சின்ன விடயம் அல்ல. 2022 இல் கிளிநொச்சி மாவட்டம் கிராஞ்சியில் கடலட்டைப் பண்ணைகள் தங்கள் தொழிலிடத்தை அடைத்துவிட்டன என்று கடற்றொழிலாளர் நீண்ட நாட்கள் போராடினார்கள். பண்ணை போட்டவர்களும் எங்கள் சனம், எதிர்த்தவர்களும் எங்கள் சனம். வெளிநாட்டுக் காசில் ஐந்து குடும்பத்துக்குக் கூடு போட்டு, ஐம்பது குடும்பத்தின் பாட்டை மறித்தால் அது உதவி அல்ல. தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி சட்டத்துக்கு வேண்டும். கிராமத்துக் கடற்றொழிலாளர் சங்கத்தின் சம்மதம் ஊருக்கு வேண்டும். பழுதாகிக் கிடக்கும் வளையத்தைப் பத்து வருடத்தின் பின் யார் கரைக்கு இழுப்பார்கள் என்பதும் இப்போதே எழுதப்பட வேண்டும்.

கேட்க வேண்டியவை

உங்கள் சங்கத்துக்கு இப்படி ஒரு திட்டம் வந்தால், இலாபப் பக்கத்தைப் படிக்குமுன் இவற்றைக் கேளுங்கள்.

வாடைக் காலத்தில் அந்த இடத்தின் ஆழம், அலை, நீரோட்டம் யாரால், எப்போது அளக்கப்பட்டன?

எத்தனை நங்கூரப் புள்ளிகள்? ஒன்று அறுந்தால் கூடு நிற்குமா?

மாற்று வலை உண்டா? எத்தனை கிழமைக்கு ஒருமுறை வலை மாற்றப்படும்?

மாதாமாதம் மூழ்கிப் பார்ப்பவர் யார்? அவருக்குச் சம்பளம் எந்த வரியில் இருக்கிறது?

குஞ்சு எங்கிருந்து, எந்த மாதம்? அறுவடை எந்தக் காற்றுக்கு முன்?

அயலில் தொழில் செய்பவர்கள் சம்மதித்தார்களா?

இவற்றுக்குப் பதில் இல்லாவிட்டால் அவர்கள் கள்ளர் என்று அர்த்தம் அல்ல. எங்களைப் போல, காசு கொடுப்பவர் குறைக்கச் சொன்னதால் குறைத்திருப்பார்கள். நன்கொடை கொடுப்பவர்களுக்கு "நிர்வாகச் செலவு" என்ற சொல்லே பிடிப்பதில்லை. சுழியோடியின் கூலியை நாங்கள் அந்தப் பெயரில்தான் வெட்டினோம்.

எங்கள் ஏழு குடும்பங்களில் ஒன்று இனி வேண்டாம் என்று விலகிவிட்டது. அவர்கள் காசைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. மற்ற ஆறு குடும்பங்களும் இம்முறை இரண்டு கூட்டுக்குப் பதில் ஒரு கூடு என்று முடிவெடுத்திருக்கிறோம். பழைய வளையங்களில் ஒன்றே போதும், அதற்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே. பணம் முழுவதும் நங்கூரத்துக்கும் வலைக்கும் ஆளுக்கும். ஊரில் தீன் கடைக்கு நின்றுபோன கடனையும் நாங்களே தீர்க்கிறோம். அது அவர்கள் கடன் அல்ல என்று கணக்கைப் பார்த்தால் தெரிகிறது.

போன கிழமை புதிய அட்டவணையைச் சித்தப்பா மகனுக்கு அனுப்பினோம். இரவு தொலைபேசி எடுத்தார். இலாபம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "அண்ணை, மூழ்கிப் பாக்கிறவனுக்கு மாசச் சம்பளம் போட்டிருக்கிறியளோ?" என்றார். போட்டிருக்கிறோம், ஏழாவது வரி, யாரும் வெட்டக் கூடாது என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறோம் என்றோம்.